ஐந்து நிமிடக் கணக்கு போட்டவர்... கடலுக்குப் போய்த் திரும்பாதவர்! யார் இந்த ஜிம் கிரே?

2007 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து 'டெனேஷியஸ்' என்ற பாய்மரப் படகு கடலுக்குள் கிளம்பியது. 40 அடி நீளப் படகு. அதில் இருந்தவர் ஒரே ஒருவர்தான். வயது 63. தன் தாயின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக, ஃபாரலன் தீவுகள் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அந்தத் தீவுகள் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சுமார் 43 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன.

இரவாகிவிட்டது. படகு திரும்பவில்லை. மனைவி புகார் சொன்னதும் கடலோரக் காவல்படை களமிறங்கியது. விமானம், ஹெலிகாப்டர், ரோந்துப் படகு என எல்லாம் தேடின. நான்கு நாள் தேடியும் ஒரு மரத்துண்டுகூடக் கிடைக்கவில்லை.

காணாமல் போனவர் ஜிம் கிரே. கம்ப்யூட்டர் உலகில் பெரிய பெயர். வெளியே அவ்வளவாகத் தெரியாது. ஆனால் நீங்கள் ரயில் டிக்கெட் எடுக்கும்போதும், டீக்கடையில் யுபிஐ-ல் 20 ரூபாய் அனுப்பும்போதும், பின்னால் ஓடும் டேட்டாபேஸ்களின் அடிப்படை யோசனைகளில் பல, அவரும் அவரது சகாக்களும் உருவாக்கியவை.

எழுதிவைத்தது தொலையக் கூடாது. வேலை பாதியில் நிற்கக் கூடாது. கேட்டதும் வேகமாகக் கிடைக்கணும். செலவும் கட்டுப்படியாகணும். இந்த நான்கையும் ஒரே தராசில் வைத்து எடைபோடுவது எப்படி என்று காட்டியவர் ஜிம் கிரே. அவர் கதையை விரிவாகப் பார்க்கலாம்.

கெமிஸ்ட்ரி மார்க் குறைந்ததால் படிப்பை விட்டவர்!

ஜேம்ஸ் நிக்கோலஸ் கிரே 1944 ஜனவரி 12-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தார். தாய் ஆசிரியை. தந்தை அமெரிக்க ராணுவத்தில் வேலை. அதனால் குழந்தைப் பருவத்தின் முதல் சில ஆண்டுகள் இத்தாலியின் ரோம் நகரில் கழிந்தன. ஆங்கிலத்துக்கு முன்னாடியே இத்தாலிய மொழிதான் பேசக் கற்றுக்கொண்டாராம். பிறகு பெற்றோர் பிரிந்தார்கள். தாயோடு சான் ஃபிரான்சிஸ்கோவுக்கே திரும்பினார்.

1961-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சேர்ந்தார். கெமிஸ்ட்ரியில் மார்க் சரியாக வரவில்லை. மனசு உடைந்து ஆறு மாதம் படிப்பையே விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போனார். அந்த வேலை அதைவிடக் கொடுமையாக இருக்கவே, மறுபடியும் வகுப்புக்கே வந்து சேர்ந்தார்.

1966-ல் கணிதப் பொறியியலில் இளங்கலைப் பட்டம். 1969-ல் முனைவர் பட்டம். பெர்க்லியின் கணினி அறிவியல் துறை கொடுத்த முதல் முனைவர் பட்டமே அவருடையதுதான்.

500 ரூபாய் பாதி வழியில் நின்றால்?

1970-களின் தொடக்கத்தில் கிரே ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கேதான் எட்கர் காட் என்ற ஆய்வாளர், தகவல்களை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் முறையை 1970-ல் முன்வைத்திருந்தார். அது காகிதத்தில் அழகாக இருந்தது. நிஜத்தில் ஓடுமா என்று சோதிக்க, கலிஃபோர்னியாவின் சான் ஹோஸே ஆய்வுக்கூடத்தில் 'சிஸ்டம் ஆர்' என்ற திட்டம் தொடங்கியது. இன்று உலகமே பயன்படுத்தும் எஸ்க்யூஎல் மொழி பிறந்த இடமும் அதுதான்.

அங்கே கிரே எடுத்துக்கொண்ட வேலை கொஞ்சம் வித்தியாசமானது. ஒரே நேரத்தில் நூறு பேர் ஒரே டேட்டாபேஸில் கை வைத்தால் என்ன ஆகும்? நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்?

ஒரு உதாரணம். உங்கள் கணக்கிலிருந்து தங்கை கணக்குக்கு 500 ரூபாய் அனுப்புகிறீர்கள். கம்ப்யூட்டர் உங்கள் கணக்கில் 500 கழித்துவிட்டது. தங்கை கணக்கில் ஏற்றுவதற்குள் மெஷின் நின்றுவிட்டது. அந்த 500 ரூபாய் இப்போ எங்கே? யாரிடமும் இல்லை.

இப்படி ஆகவே கூடாது என்றால், கழிப்பதும் ஏற்றுவதும் சேர்ந்து ஒரே வேலையாக இருக்க வேண்டும். நடந்தால் முழுசாக நடக்கணும், இல்லாவிட்டால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கணும். இதற்குப் பெயர்தான் டிரான்சாக்‌ஷன். இந்தக் கருத்துக்குத் தெளிவான வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் கிரே.

சரி, இதை எப்படிச் சாதிப்பது? பழைய மளிகைக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. வியாபாரம் நடக்க நடக்க எல்லாவற்றையும் ஒரு சிட்டையில் வரிசையாக எழுதிவிடுவார்கள். பிறகு நிதானமாக உட்கார்ந்து, அவரவர் பெயருக்கான பக்கத்தைத் தேடிப் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேட்டில் தண்ணீர் கொட்டினாலும் பழைய நகலையும் சிட்டையையும் வைத்துக் கணக்கை மீட்டுவிடலாம்.

டேட்டாபேஸும் இதையே செய்கிறது. முதலில் 'லாக்' எனப்படும் சிட்டையில் எழுதும். அது பத்திரமாக டிஸ்கில் ஏறிய பிறகுதான் வேலை முடிந்தது என்று சொல்லும். பேரேட்டை அப்புறம் மாற்றிக்கொள்ளும்.

லாக்கைத் தனி டிஸ்கில் வைப்பது ஏன்?

இங்கேதான் ஸ்டோரேஜ் பிரச்சினை ஆரம்பிக்கிறது. ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. அதன் மேல் ஒரு கை நகர்ந்து நகர்ந்து படிக்கும், எழுதும். அந்தக் கை நகர்வதுதான் ரொம்ப நேரம் பிடிக்கும் வேலை.

சிட்டையில் எழுதும்போது கை நகரவே வேண்டாம். அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று போய்க்கொண்டே இருக்கலாம். பேரேடு அப்படியில்லை. ஒருவர் கணக்கு முதல் பக்கத்தில் இருக்கும், இன்னொருவர் கணக்கு நூறாவது பக்கத்தில் இருக்கும். கை அங்கும் இங்கும் ஓடும்.

இரண்டையும் ஒரே டிஸ்கில் வைத்தால் என்ன ஆகும்? பேரேட்டுக்காக ஓடும் கை, ஒவ்வொரு முறையும் சிட்டைக்குத் திரும்பி வர வேண்டும். எல்லாமே மெதுவாகிவிடும். அதுமட்டுமல்ல, அந்த ஒரு டிஸ்க் செத்தால் சிட்டை, பேரேடு இரண்டும் சேர்ந்தே போய்விடும். அதனால்தான் லாக்குக்குத் தனி டிஸ்க் என்பது டேட்டாபேஸ் நிர்வாகிகளின் பழைய பாடமாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் ஏன் நிற்கிறது?

1980-ல் கிரே டேண்டம் நிறுவனத்துக்கு மாறினார். அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்குப் பெயரே 'நான்ஸ்டாப்'. வங்கி, பங்குச் சந்தை மாதிரி ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாத இடங்களுக்கானவை. எல்லாமே இரண்டிரண்டாக இருக்கும். ஒரு ப்ராசஸர் செத்தால் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ளும். டிஸ்க்கும் ஜோடியாகத்தான் இருக்கும். ஒன்றில் எழுதுவது அப்படியே அடுத்ததிலும் எழுதப்படும். இதற்கு 'மிரரிங்' என்று பெயர். கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி.

இவ்வளவு செய்தும் கம்ப்யூட்டர்கள் அவ்வப்போது நின்றன. ஏன் என்று கிரே ஆராய்ந்தார். டேண்டம் வாடிக்கையாளர்களிடம் ஏற்பட்ட கோளாறுகளின் பதிவுகளை எடுத்து வகை பிரித்தார். 1985-ல் முடிவை வெளியிட்டார்.

எல்லோரும் டிஸ்கையும் வயரையும்தான் சந்தேகப்பட்டார்கள். ஆனால் ஹார்டுவேர் கோளாறால் நின்றது 18 சதவீதம்தான். மெஷினை நிர்வகிப்பதில் நடந்த தவறுகளால் நின்றது 42 சதவீதம். சாஃப்ட்வேர் பிழைகளால் 25 சதவீதம். மின்சாரம் போன்ற வெளிக் காரணங்கள் 14 சதவீதம்.

அதாவது, டிஸ்கை இரண்டாக வைப்பது வேலை செய்தது. அதனாலேயே மனிதத் தவறு முதலிடத்துக்கு வந்துவிட்டது. விலை உயர்ந்த ஸ்டோரேஜ் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இன்றும் பொருந்தும் பாடம் இது.

எந்த மெஷின் வேகம்? யார் சொல்வது உண்மை?

அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் மெஷின்தான் வேகம் என்று விளம்பரம் செய்தது. ஆளுக்கொரு அளவுகோல். ஒப்பிடவே முடியாது.

கிரே ஒரு பொதுவான சோதனையை எழுதினார். ஒரு வங்கி. வாடிக்கையாளர் வருகிறார், பணம் போடுகிறார் அல்லது எடுக்கிறார். கணக்கு, காசாளர், கிளை மூன்றும் மாற வேண்டும். ஒரு வரலாற்றுப் பதிவும் எழுதப்பட வேண்டும். 100-ல் 95 வேலைகள் ஒரு நொடிக்குள் முடிய வேண்டும். இப்படி நொடிக்கு எத்தனை வேலை முடிகிறது? அதுதான் மதிப்பெண். இதற்கு 'டெபிட்கிரெடிட்' என்று பெயர்.

1985 ஏப்ரல் 1-ல் 'டேட்டாமேஷன்' இதழில் இது கட்டுரையாக வந்தது. பல நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் கைகொடுத்ததால், எழுதியவர் பெயர் இடத்தில் பெயர் தெரியாதவரும் மற்றவர்களும் என்ற பொருளில் ஒரு புனைபெயர்தான் இருந்தது.

இதில் முக்கியமான விஷயம் என்ன தெரியுமா? வேகத்தை மட்டும் சொன்னால் போதாது. அந்த வேகத்துக்கு ஆகும் மொத்தச் செலவையும் சொல்ல வேண்டும். கோடி கோடியாகக் கொட்டினால் யார் வேண்டுமானாலும் வேகம் காட்டலாமே!

1988-ல் நிறுவனங்கள் சேர்ந்து டிபிசி என்ற அமைப்பைத் தொடங்கின. 1989-ல் அதன் முதல் சோதனை முறை, டெபிட்கிரெடிட்டை அடிப்படையாக வைத்து வந்தது. அதில் ஏமாற்ற முடியாதபடி ஒரு விதி. நொடிக்கு ஒரு டிரான்சாக்‌ஷன் வேகம் என்று சொன்னால், வங்கியில் 1 லட்சம் கணக்குகள் இருக்க வேண்டும். 10 வேகம் என்றால் 10 லட்சம் கணக்குகள். சின்ன வங்கியை மொத்தமாக மெமரியில் ஏற்றிவைத்துப் பெரிய வேகம் காட்டும் வித்தை இனி செல்லாது.

ஐந்து நிமிட விதி: அஞ்சறைப் பெட்டியா, பரணா?

கிரேயின் மிகப் பிரபலமான கணக்கு 1987-ல் வந்தது. சகா ஜியான்ஃபிராங்கோ புட்ஸோலுவோடு சேர்ந்து எழுதியது. கேள்வி ரொம்ப எளிது. ஒரு தகவலை வேகமான, ஆனால் விலை கூடிய மெமரியில் வைக்கலாமா? மெதுவான, ஆனால் மலிவான டிஸ்கில் வைக்கலாமா?

வீட்டு அடுப்படியை நினைத்துப் பாருங்கள். கடுகு, சீரகம், மிளகாய்த்தூள் எல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும். பொங்கலுக்கு மட்டும் எடுக்கும் பெரிய வெண்கலப் பானை பரணில் இருக்கும். கடுகைப் பரணில் வைத்தால் ஒவ்வொரு தாளிப்புக்கும் ஏணி வேண்டும். பானையை அடுப்பு மேடையில் வைத்தால் சமைக்கவே இடம் இருக்காது. எது எங்கே என்பதை முடிவு செய்வது, அதை எவ்வளவு அடிக்கடி எடுக்கிறீர்கள் என்பதுதான்.

கிரே அதற்கு விலை போட்டார். அன்றைய ஒரு டிஸ்க், நொடிக்குச் சுமார் 15 முறை எடுத்துக்கொடுக்கும். விலை சுமார் 15,000 டாலர். ஆக, நொடிக்கு ஒரு முறை எடுக்கும் திறனுக்கு 1,000 டாலர். ப்ராசஸர் செலவும் இணைப்புச் செலவும் சேர்த்தால் 2,000 டாலர்.

மெமரி ஒரு மெகாபைட் 5,000 டாலர். ஒரு கிலோபைட் என்றால் 5 டாலர்.

இப்போ ஒரு கிலோபைட் தகவலை நொடிக்கு ஒரு முறை படிக்கிறீர்கள் என்றால், அதை 5 டாலர் மெமரியில் வைத்து 2,000 டாலர் டிஸ்க் திறனை மிச்சப்படுத்தலாம். லாபம்தானே? 10 நொடிக்கு ஒரு முறை என்றால் மிச்சம் 200 டாலர். அதுவும் லாபம். இப்படியே போனால் 400 நொடிக்கு ஒரு முறை என்ற இடத்தில் இரண்டு பக்கமும் சமமாகும். அதுதான் ஏறத்தாழ ஐந்து நிமிடம்.

ஐந்து நிமிடத்துக்குள் மறுபடி தேவைப்படும் தகவலை மெமரியில் வை. அதற்கு மேல் என்றால் டிஸ்கில் வை. அவ்வளவுதான் விதி.

1997-ல் கெட்ஸ் கிரேஃப் என்பவரோடு சேர்ந்து கிரே இதே கணக்கை மறுபடியும் போட்டார். அதற்குள் மெமரி விலை ஒரு மெகாபைட் 15 டாலராகச் சரிந்திருந்தது. டிஸ்க் 2,000 டாலர், நொடிக்கு 64 முறை. டேட்டாபேஸ் ஒரே தடவையில் எடுக்கும் பக்கத்தின் அளவும் 8 கிலோபைட்டாகப் பெருத்திருந்தது. விடை 266 நொடி. பத்து ஆண்டில் எல்லா விலையும் தலைகீழாக மாறியும், கணக்கு ஐந்து நிமிடத்தை ஒட்டியே நின்றது!

7 டெராபைட் வேண்டுமா, இரண்டு மடங்கு வேகம் வேண்டுமா?

1988-ல் பெர்க்லி ஆய்வாளர்கள் 'ரெய்டு' என்ற முறையை முன்வைத்தார்கள். பல சின்ன டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டி ஒரே பெரிய டிஸ்க் போல் பயன்படுத்துவது. எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுக்க வேண்டாம். மற்ற டிஸ்குகளில் உள்ளதை வைத்துக் கணக்கிட்ட 'பேரிட்டி' என்ற ஒரு சரிபார்ப்புத் தகவல் இருந்தால் போதும். ஒரு டிஸ்க் செத்தால், மிச்சத்தை வைத்து அதில் இருந்ததைக் கணக்கிட்டு மீட்கலாம். இடம் மிச்சம், காசு மிச்சம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வங்கி மாதிரி சின்னச் சின்ன மாற்றங்கள் கொட்டும் இடத்தில் இது சரிப்படுமா? 1990-ல் கிரே இரண்டு சகாக்களோடு சேர்ந்து இந்தக் கேள்வியை எடுத்தார்.

பேரிட்டி முறையில் ஒரு சின்ன மாற்றம் செய்யணும் என்றால், பழைய தகவலைப் படிக்கணும், பழைய பேரிட்டியைப் படிக்கணும், புதுத் தகவலை எழுதணும், புதுப் பேரிட்டியை எழுதணும். மொத்தம் நான்கு வேலை. மிரரிங்கில் இரண்டு நகலிலும் எழுதினால் முடிந்தது. இரண்டே வேலை.

எண்களோடு பார்த்தால் இன்னும் தெளிவாகும். உங்களிடம் 8 டிஸ்க் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 1 டெராபைட். ஒவ்வொன்றும் நொடிக்கு 100 முறை எடுக்கும். மொத்தம் 800.

மிரரிங்: வைக்கக் கிடைக்கும் இடம் 4 டெராபைட். நொடிக்கு 400 சின்ன எழுத்துகள்.

பேரிட்டி முறை, அதாவது ரெய்டு 5: இடம் 7 டெராபைட். நொடிக்கு 200 சின்ன எழுத்துகள்.

படிப்பதற்கு மட்டும் என்றால் இரண்டிலும் 800 வரை போகலாம். ஆக, இதில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதிலே கிடையாது. அதிகம் எழுதும் டேட்டாபேஸா, அதிகம் படிக்கும் டேட்டாபேஸா என்பதைச் சொன்னால்தான் பதில் வரும்.

ரேஷன் கடை மாதிரிதான் இதுவும். குடோனில் எத்தனை மூட்டை அரிசி இருந்தாலும், எடை போடுபவர் ஒருவர்தான் என்றால் வரிசை அவர் கை வேகத்துக்குத்தான் நகரும். வங்கி மாதிரியான டேட்டாபேஸ்களில் முதலில் தீர்ந்துபோவது இடம் அல்ல, டிஸ்கின் கை. கிரே திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது இதைத்தான்.

அதனால் அந்தக் கட்டுரையில் நடுவழி ஒன்றையும் முன்வைத்தார்கள். ஒரு ஃபைலைத் துண்டு துண்டாக எல்லா டிஸ்கிலும் சிதறவிடாமல் ஒரே டிஸ்கில் சேர்த்து வைப்பது. பேரிட்டியை மட்டும் எல்லா டிஸ்குகளுக்கும் பிரித்துக் கொடுப்பது. அப்படிச் செய்தால் ஒரு கேள்விக்கு ஒரே ஒரு கை நகர்ந்தால் போதும்.

பூமியும் வானமும் டேட்டாபேஸில்

1990-ல் டிஜிட்டல் நிறுவனம், 1995-ல் மைக்ரோசாஃப்ட் என கிரேயின் பயணம் தொடர்ந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவிலேயே அவருக்காக ஓர் ஆய்வுக்கூடம் இயங்கியது. 1998-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதும் கிடைத்தது. கம்ப்யூட்டர் துறையின் நோபல் என்று சொல்லப்படும் விருது.

அதே 1998 ஜூனில் அவரது குழு 'டெர்ராசர்வர்' என்ற இணையதளத்தைத் திறந்தது. வானிலிருந்தும் விண்ணிலிருந்தும் எடுத்த பூமியின் படங்கள், ஒரு டெராபைட் அளவுக்கு டேட்டாபேஸில். யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவை மேலிருந்து பார்க்கலாம். கூகுள் மேப்ஸ் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு!

தொடக்கத்தில் அது மிகப் பெரிய, விலை கூடிய சர்வரில் ஓடியது. பின்னர் அதே வேலையைச் சாதாரண டிஸ்குகள் கொண்ட மலிவான மெஷின்களை அடுக்கிவைத்துச் செய்து காட்டினார்கள். ஒரு பெரிய யானை வேண்டாம், பல மாடுகள் போதும் என்ற கணக்கு.

பூமி முடிந்ததும் வானம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஸாலேயோடு சேர்ந்து, ஸ்லோன் வானியல் ஆய்வின் தகவல்களை டேட்டாபேஸாக மாற்றினார். 2001-ல் 'ஸ்கைசர்வர்' திறக்கப்பட்டது. விண்மீன்களையும் விண்மீன் மண்டலங்களையும் பற்றி, பள்ளி மாணவர்கூட வீட்டிலிருந்தே கேள்வி கேட்கலாம் என்ற நிலை வந்தது.

இவ்வளவு தகவலை ஊர்விட்டு ஊர் அனுப்புவது எப்படி? கிரே இதற்கும் காசுக் கணக்கு போட்டார். அன்றைய இணைய வேகத்துக்கும் கட்டணத்துக்கும், டெராபைட் கணக்கில் அனுப்புவதைவிட டிஸ்குகள் நிறைந்த கம்ப்யூட்டரையே பெட்டியில் போட்டு கூரியரில் அனுப்புவது மலிவு என்று விடை வந்தது. அப்படியே அனுப்பவும் செய்தார். 2002-ல் அதை ஒரு கட்டுரையாகவும் எழுதினார்.

டிஸ்க் பற்றி அவர் எச்சரித்த இன்னொரு விஷயமும் உண்டு. டிஸ்கின் கொள்ளளவு வளர்ந்த வேகத்தில் அதன் கை வேகமாகவில்லை. 1 டெராபைட் டிஸ்கை நொடிக்கு 100 மெகாபைட் வீதம் முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகப் படித்தால் 3 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதையே 8 கிலோபைட் துண்டுகளாக, நொடிக்கு 100 இடம் தாவித் தாவிப் படித்தால்? சுமார் 14 நாள் ஆகும்! டிஸ்க் அதேதான். படிக்கும் விதம் மட்டும்தான் வேறு. அதனால் டிஸ்க் மெல்ல மெல்ல டேப்பின் இடத்துக்குப் போகும், ஃபிளாஷ் மெமரி டிஸ்கின் இடத்துக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

கடைசிப் பயணம்

2007 ஜனவரி 11. அறிவியலே இனி தகவல் மலைகளைத் தோண்டித்தான் நடக்கும் என்று ஒரு கூட்டத்தில் கிரே பேசினார். அதற்கு 17 நாள் கழித்துத்தான் அந்தப் படகுப் பயணம்.

வானிலை தெளிவாகவே இருந்தது. உதவி கேட்டு ஒரு சமிக்ஞையும் வரவில்லை. காவல்படை தேடலை நிறுத்திய பிறகும் நண்பர்கள் விடவில்லை. செயற்கைக்கோள்கள் அந்தக் கடல் பரப்பைப் படம் எடுத்தன. நாசாவின் உயரத்தில் பறக்கும் விமானமும் படம் எடுத்தது. அந்தப் படங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, அமேசானின் 'மெக்கானிக்கல் டர்க்' தளத்தில் ஏற்றினார்கள். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு படகு தெரிகிறதா என்று பார்த்தார்கள்.

வானத்தையும் பூமியையும் துண்டு துண்டாக டேட்டாபேஸில் வைத்து எல்லோரும் தேடும்படி செய்தவரை, அதே முறையில் எல்லோரும் தேடினார்கள். கிடைக்கவில்லை. பிறகு கடலுக்கு அடியிலும் சோனார் கருவிகளோடு தேடல் நடந்தது. மே மாத இறுதியில் அதுவும் நிறுத்தப்பட்டது. படகும் இல்லை, உடலும் இல்லை.

2008 மே 31-ல் பெர்க்லியில் நண்பர்கள் கூடினார்கள். அவர் இறந்துவிட்டார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. அதனால் அது அஞ்சலிக் கூட்டமாக இல்லாமல், அவருக்குப் பெருமை சேர்க்கும் கூட்டமாக நடந்தது. 2012-ல்தான் அவர் இறந்தவராகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டார். முழுசாக நடந்தது, இல்லையேல் நடக்கவே இல்லை, இரண்டுக்கும் நடுவில் எதுவும் நிற்கக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க உழைத்தவரின் குடும்பம், ஐந்து ஆண்டுகள் நடுவிலேயே நின்றது.

அவர் விட்டுச்சென்ற கணக்கு

கிரே காணாமல் போன சில மாதங்களில், ஃபிளாஷ் மெமரியைச் சேர்த்து ஐந்து நிமிட விதியை மறுபடி கணக்கிட்டு கிரேஃப் வெளியிட்டார். அவரது கடைசி உரையின் யோசனைகளை வைத்து 2009-ல் 'நான்காம் மரபு' என்ற பொருளில் ஒரு நூலும் வந்தது.

இன்று எஸ்எஸ்டி வந்துவிட்டது. அதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. அப்போ கிரேயின் பாடம் காலாவதி ஆகிவிட்டதா? இல்லை. எண்கள்தான் மாறியிருக்கின்றன. ரெய்டு 5-ல் ஒரு சின்ன மாற்றத்துக்கு எஸ்எஸ்டி-யிலும் நான்கு வேலைதான். அங்கே கூடுதல் எழுத்து என்பது டிஸ்கின் ஆயுளையும் சேர்த்துத் தின்னும். கிளவுடில் வாடகைக்கு எடுத்தாலும் இடத்துக்கு ஒரு விலை, நொடிக்கு எத்தனை முறை எடுக்கலாம் என்பதற்கு ஒரு விலை என்றுதான் பல இடங்களில் பில் வருகிறது.

ஒரு சின்ன கடைக்கு பில்லிங் சர்வர் வாங்கினாலும், பெரிய வங்கிக்கு வாங்கினாலும், கடைக்காரரிடம் எத்தனை டெராபைட் என்று மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. கேட்க வேண்டியவை இவை:

1. ஒரே தகவல் எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை தேவைப்படுகிறது? அடிக்கடி என்றால் மெமரிக்குக் காசு போடுங்கள்.

2. வரிசையாகப் படிக்கிறதா, தாவித் தாவிப் படிக்கிறதா? தாவுகிறது என்றால் இடத்தைவிட நொடிக்கு எத்தனை முறை என்பதுதான் முக்கியம்.

3. எழுதுவது அதிகமா, படிப்பது அதிகமா? எழுதுவது அதிகம் என்றால் மிரரிங் பக்கம் பாருங்கள்.

4. லாக் எங்கே இருக்கிறது? பேரேடு போகும் அன்று சிட்டையும் சேர்ந்து போகாமல் இருக்கிறதா?

5. இதை நிர்வகிக்கப்போவது யார்? 42 சதவீதத்தை மறந்துவிடாதீர்கள்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதி, பக்கத்தில் விலையையும் எழுதிப் பாருங்கள். எது வாங்கணும் என்பது அந்தக் காகிதத்திலேயே தெரிந்துவிடும். ஜிம் கிரே செய்ததும் அதையேதான்.